எழுபத்தொன்பது எண்களும் ஆறு எழுத்துகளும்

1970களின் பிற்பகுதி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணிநேரம், ஒரு மாணவர் வந்து உட்கார்ந்தார். வினாடிக்கு ஒன்றாக எண்களை வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் அதே வரிசையில் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த முறை ஓர் எண் கூடும்; தவறினால் ஒன்று குறையும். முதலில் அவரால் ஏழு எண்களைத்தான் சொல்ல முடிந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு முடிவதும் அவ்வளவுதான். சுமார் 230 மணிநேரப் பயிற்சிக்குப் பிறகு 79 எண்களைப் பிசகாமல் சொன்னார். அவர் நெடுந்தொலைவு ஓட்டக்காரர். மூன்று நான்கு எண்களைச் சேர்த்து ஓட்டப் பந்தய நேரமாக மாற்றிக்கொண்டார். 3492 என்று கேட்டால் 3 நிமிடம் 49.2 வினாடி, மைல் ஓட்ட உலக சாதனைக்குப் பக்கத்தில் என்று மனதில் குறித்துக்கொள்வார். ஆண்டர்ஸ் எரிக்சனும் வில்லியம் சேஸும் இதை 1980இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

அந்தக் கட்டுரையில் பலரும் நினைவில் வைத்திருப்பது 79 என்ற எண்ணை. என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறோர் எண். பயிற்சி தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தபோது, ஒருநாள் எண்களை எடுத்துவிட்டு ஆங்கில மெய்யெழுத்துகளை வாசித்துக் காட்டினார்கள். எண்களில் சாதாரண மனிதரைத் தாண்டிப் போயிருந்த அதே மாணவரால் ஏறக்குறைய ஆறு எழுத்துகளைத்தான் சொல்ல முடிந்தது. மூன்று மாதத்தில் அவருக்கு வளர்ந்தது எண்களைக் கையாளும் ஒரு வித்தை. அந்த வித்தை எழுத்துகளின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான மூளைப் பயிற்சி என்று எங்கே விளம்பரம் பார்த்தாலும் எனக்கு அந்த ஆறு எழுத்துகள்தாம் நினைவுக்கு வரும்.

நம் மொழியிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. ஞாபகசக்தி என்கிறோம். ஒரே ஒரு சக்தி உள்ளே இருக்கிறது, அதை ஏற்றிவிட்டால் பாடம், கணக்கு, எழுத்து எல்லாம் தானாக ஏறும் என்று அந்தச் சொல் நம்மை நம்ப வைக்கிறது. வல்லாரையை அரைத்துக் கொடுக்கும் பாட்டியும், கணினி விளையாட்டுக்குக் கட்டணம் கட்டும் அப்பாவும் ஒரே நம்பிக்கையின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள். அவதானக் கலையைப் போற்றி வளர்த்த மண் இது. 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு அவதானங்களைச் செய்து காட்டிச் சதாவதானி ஆன செய்குத்தம்பிப் பாவலரின் பெயரை இன்றும் வியப்போடு சொல்கிறோம். ஆனால் அந்த வியப்பில் ஒன்றை மறந்துவிடுகிறோம். அவர் யாப்பிலும் இலக்கணத்திலும் இலக்கியத்திலும் ஊறியவர். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்தால் அவர் மனம் பற்றிக்கொள்ள ஆயிரம் கொழுகொம்புகள் அங்கே இருந்தன. வெறும் நினைவுத்திறன் என்று தனியாக ஒன்றை அவர் வளர்த்துக்கொண்டதாக எண்ண இடமில்லை.

இப்போது குழந்தைகளிடம் வருவோம். நான்காம் வகுப்புப் படிக்கும் பையன். பேச்சில் சூட்டிகை. மிக்சியைக் கழற்றி மாட்டுவான், கேட்ட கதையை ஒன்றுவிடாமல் சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்து வாசிப்பான். ‘பட்டம்’ என்று இருப்பதைப் ‘பாட்டு’ என்பான். கண்ணிலும் காதிலும் பழுதில்லை. அறிவில் குறையில்லை. வாசிப்பு மட்டும் பிடிபடவில்லை. 1896இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். டிஸ்லெக்ஸியா என்ற சொல் அதற்கும் முன்பே, 1887இல் ஜெர்மனியில் பிறந்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகக் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைச் சேர்த்த பிறகுதான் பல குடும்பங்களுக்கு இது சோம்பேறித்தனமன்று என்று சொல்லிக்கொள்ள ஒரு காகிதமாவது கிடைத்தது.

அந்தக் காகிதத்தோடு வெளியே வரும் தாயின் கையில் அடுத்து விழுவது பயிற்சி மையத்தின் துண்டறிக்கை. இத்தனை செஷன், இவ்வளவு கட்டணம், வாசிப்பு, கணக்கு, கவனம் எல்லாம் முன்னேறும் என்று அதில் இருக்கும். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பள்ளியில் கிடைப்பது புகார். வீட்டுப் பெரியவர்களிடம் கிடைப்பது அடி உதவுவது போல என்ற அறிவுரை. உங்கள் குழந்தையால் முடியும் என்று அவளிடம் முதலில் சொல்வது அந்தத் துண்டறிக்கைதான். அதனாலேயே அது சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மூளைப் பயிற்சிகளில் ஆய்வுலகம் மிகவும் மதித்து, மிகவும் உழைத்துச் சோதித்தது செயல்நினைவுப் பயிற்சியை. ஏழும் ஐந்தும் கூட்டச் சொன்னால் நம் வீட்டுக் குழந்தை என்ன சொல்லும்? ஏழு மனசுல, அஞ்சு கையில. அந்த ‘மனசுல’ வைத்துக்கொள்ளும் இடம்தான் செயல்நினைவு. ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டே அதைக் கொண்டு இன்னொன்றைச் செய்யும் இடம். பிரிட்டனின் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் இதற்கு ஒரு வரைபடம் வகுத்துக் கொடுத்தார்கள். வாசிக்கத் திணறும் குழந்தைகளிடம் இந்த இடம் சராசரியாகக் குறுகலாக இருக்கிறது என்பது பலமுறை கண்டறியப்பட்ட உண்மை. சொல்லின் கடைசி எழுத்தைக் கூட்டுவதற்குள் முதல் எழுத்து நழுவிவிடுகிறது. அப்படியானால் அந்த இடத்தை அகலப்படுத்தினால் என்ன? கேள்வி நியாயமானது. இதைக் கேட்டவர்கள் வியாபாரிகள் மட்டுமல்ல, நேர்மையான விஞ்ஞானிகளும்கூட.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்த டோர்கல் கிளிங்பெர்க் அவர்களில் முதன்மையானவர். கவனக்குறைவும் மிகை இயக்கமும் கொண்ட, ஏடிஎச்டி என்று சொல்லப்படும் நிலையுள்ள குழந்தைகளுக்கு அவருடைய குழு ஒரு கணினிப் பயிற்சியை வடிவமைத்தது. திரையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். அதே வரிசையில் தொட வேண்டும். எண்களைக் கேட்டுத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். குழந்தை தேறத் தேறப் பயிற்சியும் கடினமாகிக்கொண்டே போகும். நாளுக்கு அரைமணி முதல் முக்கால் மணிநேரம், ஐந்து வாரம், 25 அமர்வுகள். 2002இல் சிறிய ஆய்வொன்றும், 2005இல் 7 முதல் 12 வயதுவரையான 53 குழந்தைகளைக் கொண்ட ஆய்வும் நல்ல செய்தி சொன்னன. பயிற்சி பெற்றவர்களின் செயல்நினைவு உயர்ந்தது. கவனச் சிதறல் குறைந்ததாகப் பெற்றோர்கள் சொன்னார்கள். காக்மெட் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 2010இல் உலகின் மிகப் பெரிய கல்வி நிறுவனங்களில் ஒன்றான பியர்சன் அதை வாங்கியது.

இதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பிரிட்டனில் சூசன் கேதர்கோலும் அவருடன் பணியாற்றியவர்களும் செயல்நினைவு குறைவான 42 குழந்தைகளை வைத்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துக் கணக்கில் முன்னேற்றம் தெரிந்தது. உலகமே அதைக் கொண்டாடியது. அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. இன்னும் கறாரான முறையில், 94 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, மீண்டும் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சியைப் போன்ற நினைவுத் தேர்வுகளில் குழந்தைகள் நன்றாகவே செய்தார்கள். வகுப்பறையில் செய்ய வேண்டிய வேலைகளுக்கோ வாசிப்புக்கோ கணக்குக்கோ அது போய்ச் சேரவில்லை. தங்கள் முந்தைய முடிவைத் தாங்களே கவிழ்க்கக்கூடிய சோதனையைத் தாங்களே நடத்தி, விடையை மறைக்காமல் அச்சிலும் ஏற்றினார்கள். ஆய்வு என்றால் இதுதான்.

ஆனால் மெல்பர்னில் நடந்ததே இந்தக் கதையின் நடுப்பகுதி. அங்கே 44 பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகள் 1,700க்கும் அதிகமானோரைச் சோதித்து, செயல்நினைவு குறைவாக இருந்த 452 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது ஆறு, ஏழு. பாதிப் பேருக்குப் பள்ளி நேரத்திலேயே காக்மெட் பயிற்சி. மீதிப் பேர் வழக்கமான வகுப்பில் இருந்தார்கள். ஓராண்டு கழித்தும் ஈராண்டு கழித்தும் வாசிப்பு, எழுத்துப் பிழையின்மை, கணக்கு மூன்றையும் அளந்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. வாசிப்பில் பயனில்லை. எழுத்துப் பிழையில் பயனில்லை. ஈராண்டு கடந்தபின் கணக்கில் பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள்.

ஏன் பின்தங்கினார்கள் என்பதற்கு உறுதியான விடை கிடையாது. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட அமர்வுகளுக்கு அந்தக் குழந்தைகள் வகுப்பைவிட்டு வெளியே அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்பது தெரியும். வெளியே அவர்கள் விளக்குகளின் வரிசையைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே கூட்டலும் கழித்தலும் நடந்துகொண்டிருந்தன. மூளைப் பயிற்சியால் பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆறு வயதில் ஒரு குழந்தையிடம் எடுக்கும் மணிநேரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஏற்கெனவே பின்தங்கிய குழந்தைக்கு அந்த மணிநேரத்தின் விலை இன்னும் அதிகம்.

தனித்தனி ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்தார்கள். மோனிகா மெல்பி-லெர்வாகும் சார்லஸ் ஹியூமும் 2013இலும், தாமஸ் ரெடிக்கோடு சேர்ந்து 2016இலும் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது திரட்டில் மட்டும் 87 வெளியீடுகள், 145 ஒப்பீடுகள். பயிற்சியை ஒத்த வேலைகளில் முன்னேற்றம் உண்டு. வேறு ஏதாவது ஒன்றைச் செய்தவர்களோடு ஒப்பிட்டால், வாசிப்பிலோ கணக்கிலோ பொது அறிவுத்திறனிலோ நம்பத்தக்க பலன் தெரியவில்லை.

அப்படியென்றால், ‘என் பையன் மாறிட்டான், நான் கண்ணால பார்த்தேன்’ என்று சொல்லும் தாய் பொய் சொல்கிறாளா? இல்லை. அவள் பார்ப்பது உண்மையான மாற்றம்தான். அதற்கான காரணம்தான் வேறு. குழந்தை மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான் பெற்றோர் மையத்தின் படியேறுகிறார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எந்தக் கஷாயம் கொடுத்தாலும் அடுத்த நாள் சற்றுத் தணியத்தான் செய்யும். மூன்று மாதத்தில் குழந்தை மூன்று மாதம் வளர்கிறது. ஒரு பெரியவர் தினமும் முழுக் கவனத்தோடு அவன் பக்கத்தில் உட்கார்கிறார், திட்டுவதில்லை. பணம் கட்டிய வீடு நம்பிக்கையோடு பார்க்கிறது. நம்பிக்கையோடு பார்க்கப்படும் குழந்தை நிமிர்ந்து உட்கார்கிறது. ஏடிஎச்டி குழந்தைகளுக்கான மூளைப் பயிற்சி ஆய்வுகள் 16ஐ 2015இல் சாமுவேல் கோர்த்தேசே குழு திரட்டியபோது இது தெளிவாகத் தெரிந்தது. பயிற்சி நடப்பதை அறிந்தவர்கள் கொடுத்த மதிப்பீட்டில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. எந்தக் குழந்தை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று அறியாதவர்களின் மதிப்பீட்டை எடுத்தால் அது ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது.

காது வழியே மூளையைத் திருத்த முயன்றவர்களும் உண்டு. பாலா டல்லலும் மைக்கேல் மெர்சனிக்கும் 1996இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிறந்தது ஃபாஸ்ட் ஃபார்வர்ட். ‘ப’வையும் ‘ட’வையும் வேறுபடுத்தும் ஒலித்துணுக்கு வினாடியின் ஒரு சிறு கூறில் கடந்துவிடுகிறது, மொழிச் சிக்கலுள்ள குழந்தைகள் அதைத் தவறவிடுகிறார்கள், எனவே ஒலியை நீட்டி, அழுத்தம் கூட்டிக் கேட்க வைத்துப் பழக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அழகான கருத்து. 2008இல் அமெரிக்காவில் 216 குழந்தைகளை நான்கு பிரிவாக்கி ஆறு வாரம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு இந்தப் பயிற்சி, இன்னொன்றுக்கு வேறு கணினிப் பயிற்சி, மற்றொன்றுக்குப் பேச்சுப் பயிற்சியாளரோடு தனிப்பயிற்சி, கடைசிப் பிரிவுக்குச் சாதாரணப் பாட விளையாட்டுகள். நான்கு பிரிவுமே முன்னேறின, ஏறக்குறைய ஒரே அளவில். நீட்டிய ஒலிக்கென்று தனிப் பயன் எதுவும் இல்லை.

இதெல்லாம் புதிய பாடமும் அன்று. லத்தீன் படித்தால் மூளை கூர்மையாகும், அதனால் எல்லாப் பாடமும் வரும் என்று ஐரோப்பா நம்பியிருந்த காலத்தில், 1901இலேயே எட்வர்ட் தார்ண்டைக்கும் ராபர்ட் வுட்வொர்த்தும் சோதனை செய்தார்கள். ஒருவகை வடிவங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடப் பழகியவர்கள், வடிவமும் அளவும் மாறியதும் தடுமாறினார்கள். அதன்பிறகும் தலைமுறைக்கு ஒரு வித்தை வந்துகொண்டே இருந்தது. பிலடெல்பியாவில் குழந்தைகளைத் தவழ வைத்து மூளையை ஒழுங்குபடுத்தலாம் என்றார்கள்; அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அதைக் குறித்து எச்சரிக்க வேண்டி வந்தது. பிரிட்டனில் ஒற்றைக்காலில் நின்று பந்து பிடித்தால் சிறுமூளை வலுத்து டிஸ்லெக்ஸியா தீரும் என்ற டோர் திட்டத்தின் நிறுவனம் 2008இல் விழுந்தது. 2016இல் அமெரிக்க வணிக ஆணையம் லுமாசிட்டி நிறுவனத்தை 20 லட்சம் டாலரும், லேர்னிங்ஆர்எக்ஸ் நிறுவனத்தை 2 லட்சம் டாலரும் கட்ட வைத்தது. விளம்பரத்தில் சொன்னதற்குப் போதிய சான்று இல்லை என்பதே இரண்டிலும் குற்றச்சாட்டு.

நம் ஊரில் கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்க வைக்கும் ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போனது. நடுமூளையை யாரும் பணம் வாங்கிக்கொண்டு முடுக்கிவிட வேண்டியதில்லை. பார்வை நகர்வையும் கேட்கும் ஒலிக்குத் திரும்புவதையும் அது பிறந்த நாள்முதல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. கட்டிய துணிக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள சந்தின் வழியே குழந்தைகள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு ஒரு குழந்தையை ஆளாக்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

அபாகஸை இதோடு சேர்க்கக் கூடாது. அது நேர்மையான கலை. குஜராத்தின் வதோதராவில் 204 பள்ளிக் குழந்தைகளை வைத்து டேவிட் பார்னர், மைக்கேல் ஃப்ராங்க் ஆகியோரின் குழு மூன்றாண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு மன அபாகஸ், மீதிப் பேருக்கு அதே அளவு கூடுதல் கணக்கு வகுப்பு. கூட்டல் பெருக்கலில் அபாகஸ் பிள்ளைகள் முந்தினார்கள். நினைவாற்றல், கவனம் போன்ற பொதுத் திறன்களில் மாற்றமில்லை. மணிகளை மனத்தில் உருவகிக்கும் இடத்திறன் ஏற்கெனவே நன்றாக இருந்த குழந்தைகளுக்கே அதிகப் பலன் கிடைத்தது. கணக்கு வேகமாக வர வேண்டுமா, அபாகஸுக்கு அனுப்புங்கள். வாசிப்பு வராத பிள்ளைக்கு மூளை தெளியும் என்று அனுப்பாதீர்கள்.

அப்படியானால் வாசிப்பு வராத பிள்ளைக்கு எதுதான் பயன்படும்?

இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் பீட்டர் ஹாட்சர், சார்லஸ் ஹியூம், ஆண்ட்ரூ எல்லிஸ் மூவரும் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சி மையங்களின் சுவரில் எழுதி வைக்கலாம். வாசிப்பில் பின்தங்கிய ஏழு வயதுக் குழந்தைகள். ஒரு பிரிவுக்கு ஒலிப் பயிற்சி மட்டும்: சொல்லைப் பிரி, ஒலியைக் கூட்டு, எது மாறியது என்று சொல். இன்னொரு பிரிவுக்கு வாசிப்பு மட்டும். மூன்றாவது பிரிவுக்கு ஒலியையும் எழுத்தையும் இணைத்த வாசிப்பு. நான்காவது பிரிவுக்கு வழக்கமான வகுப்பு. 40 அமர்வுகள். முடிவில் தெளிவாக முந்தியது மூன்றாவது பிரிவு. டிஸ்லெக்ஸியாவின் வேர் ஒலியைப் பகுத்தறிவதில் இருக்கிறது என்று நாம் நன்றாக அறிவோம். அந்த வேருக்கே தனியாகத் தண்ணீர் ஊற்றியும் வாசிப்பு போதிய அளவு தழைக்கவில்லை. ஒலியும் எழுத்தும் ஒரே நேரத்தில், ஒரே சொல்லில், குழந்தையின் கண்ணுக்கும் வாய்க்கும் வர வேண்டியிருந்தது.

2001இல் ஜோசப் டார்கசன் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் கடினமான நிலையிலிருந்த குழந்தைகளைப் பற்றியது. எட்டிலிருந்து பத்து வயது, கடுமையான வாசிப்புச் சிக்கல், 60 பேர். ஓர் ஆசிரியர், ஒரு குழந்தை. நாளுக்கு 50 நிமிட வகுப்பு இரண்டு, எட்டு வாரம், மொத்தம் 67.5 மணிநேரம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குமுன் பதினாறு மாதச் சிறப்பு வகுப்பில் நகராத குழந்தைகள் நகர்ந்தார்கள். ஓராண்டுக்குள் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேருக்குச் சிறப்பு வகுப்பே தேவையில்லாமல் போனது. வாசிப்பின் துல்லியம் வந்தது, பொருள் புரிந்தது. வேகம் மட்டும் பின்தங்கியே இருந்தது. இந்தக் கடைசிச் செய்தியையும் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடும் இடத்தில்தான் அற்புத விளம்பரங்கள் நுழைகின்றன.

இதெல்லாம் மூளைப் பயிற்சி இல்லையா என்றால், இதைவிட மேலான மூளைப் பயிற்சி கிடையாது என்பேன். பிறக்கும்போது யாருக்கும் மூளையில் வாசிப்புக்கென்று ஓர் இடம் கிடையாது. பிரெஞ்சு அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் காட்டியதுபோல, முகத்தையும் பொருளையும் அடையாளம் காணும் இடது பின்பகுதியில் ஒரு துண்டு நிலத்தை எழுத்து பிடித்துக்கொள்கிறது. பேச்சொலியைக் கையாளும் பகுதிகளோடு அதற்கு வழி போடப்படுகிறது. அந்த வழியைப் போடுவது வாசிப்பே. 2009இல் அதே கார்னகி மெலனில் திமோதி கெல்லரும் மார்செல் ஜஸ்டும், வாசிக்கத் திணறிய எட்டு முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்கு 100 மணிநேரம் வாசிப்புப் பாடம் நடத்தி, முன்னும் பின்னும் மூளையைப் படம் எடுத்தார்கள். முன்பு தரம் குறைந்திருந்த நரம்பிழைப் பாதை பாடத்துக்குப் பின் மேம்பட்டிருந்தது. அந்தப் பாடத்தில் விளக்குகள் எரியவில்லை. எழுத்துகளும் சொற்களும் வாக்கியங்களும்தான் இருந்தன.

இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்த ஆய்வுகள். அப்படியே தமிழுக்கு எடுத்து வர முடியாது. ஆங்கிலக் குழந்தை 26 எழுத்தை விரைவில் கற்றுவிட்டுப் பிறகு உச்சரிப்புக் காட்டில் வழி தேடுகிறது. நம் குழந்தைக்கு வாசலிலேயே 247. கன்னடத்தில் சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயிர்மெய் வரிசைகளை முழுதாகக் கையகப்படுத்தக் குழந்தைகளுக்குத் தொடக்கப்பள்ளி ஆண்டுகளே தேவைப்படுவது தெரிந்தது. தமிழும் அதே குடும்ப எழுத்துமுறை. நெடுங்கணக்கை ஒப்பிப்பது வேறு, எழுத்தை அறிவது வேறு. ‘க கா கி கீ’ என்று பாட்டாகச் சொல்லும் குழந்தையிடம் ‘கீ’யை மட்டும் தனியாகக் காட்டிப் பாருங்கள், புரியும்.

திணறல் எங்கே வரும் என்பதும் நம் எழுத்திலேயே எழுதியிருக்கிறது. ‘கொ’வில் கண் முதலில் சந்திப்பது ஒற்றைக் கொம்பு; வாய் முதலில் சொல்ல வேண்டியது ‘க்’. நடுவில் மெய், இருபுறமும் உயிரின் அடையாளம். இடமிருந்து வலமாகக் கூட்டப் பழகும் குழந்தை இங்கே இடறும். உகர வரிசையில் கு, சு, டு, ரு என்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளையும். ஆகார வரிசையின் துணைக்காலைப் போல ஒரே அடையாளம் கிடையாது. ‘கண்’, ‘மகன்’, ‘பங்கு’ மூன்றிலும் ஒரே ககரம், மூன்று ஒலி. ‘கௌ’வும் ‘கெள’வும் கண்ணுக்கு ஒன்று. போதாததற்கு, வீட்டில் ‘போயிட்டாங்க’ என்று கேட்டு வளர்ந்த காது, புத்தகத்தில் ‘போய்விட்டார்கள்’ என்பதைச் சந்திக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்றால் சிக்கல் இரட்டிப்பு: தெரியாத மொழியால் வரும் தடுமாற்றத்தையும் கற்றல் குறைபாட்டையும் பிரித்தறியாமலேயே சான்றிதழ் எழுதப்படும் ஆபத்து உண்டு. அதனால் எந்தச் சோதனையிலும் வீட்டு மொழியில் குழந்தை எப்படிக் கேட்கிறது, பேசுகிறது, கூட்டுகிறது என்று பார்த்தார்களா என்பது பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது; ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. அத்தகைய பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர்கள் தேவைக்கு மிகக் குறைவு, மாவட்டங்களில் இன்னும் குறைவு. விளையாட்டுச் செயலியைப் பத்தாயிரம் குழந்தைகளுக்கு ஒரே நாளில் கொடுத்துவிடலாம். பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து ‘ழு’வை நாற்பதாவது முறை சொல்லித்தரும் ஆளை அப்படிப் பெருக்க முடியாது. மூளைப் பயிற்சி விற்பதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன். அரசும் பள்ளிகளும் பணத்தைப் போட வேண்டிய இடமும் அந்த ஆள்தான்.

நல்ல சிறப்பாசிரியர் ஒருவரின் முக்கால் மணிநேரம் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். நேற்றுக் கற்ற எட்டு எழுத்தட்டைகள் கலைத்துப் போடப்படும். ‘பல்’, ‘பால்’, ‘கல்’, ‘கால்’, துணைக்கால் வந்தால் வாய் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று குழந்தை தன் தாடையில் கைவைத்துப் பார்க்கும். ‘பட்டம்’ என்பதைப் ப, ட், ட, ம் என்று நான்கு பொத்தான்களாக மேசையில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் கூட்டும். மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லும். நம் திண்ணைப் பள்ளிகள் செய்ததுதான், மணல் அவ்வளவு முக்கியமில்லை, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்வதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு அந்த எழுத்துகள் மட்டுமே வரும்படி ஆசிரியர் கையால் எழுதிய நாலு வரி. ஊகிக்க இடமில்லாத நாலு வரி. தவறினால் ஆசிரியர் சொல்லைச் சொல்லிக்கொடுக்க மாட்டார். தவறிய எழுத்தின்மேல் விரலை வைத்துக் காத்திருப்பார். அந்தப் பையன் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்க வேண்டித்தான் இருக்கும். சட்டம் அதற்கு இடம் தருகிறது, அதைக் கேட்பதில் வெட்கமில்லை. ஆனால் வகுப்பு முடிந்து வெளியே வந்ததும், அம்மா ஸ்கூட்டரை எடுப்பதற்குள், எதிரே இருந்த கடைப் பலகையை அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். ‘கோ… கோம… கோமதி… ஸ்டோர்ஸ்.’ கொம்பை முதலில் சொல்லவில்லை.